மாமியார் வீட்டுப் பசு

பசுவைச் சிங்கம் அடித்த செய்தி வந்தபோது மெபுகோரி அந்தச் சிங்கத்தின் சுவட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தான்.

கரும்பாறைச் சரிவிலிருந்து இறங்கி மணலாற்றுப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதை. மாட்டுக் குளம்புகளை மிதித்துக்கொண்டு அகலமான பாதங்கள் போயிருந்தன. பக்கத்தில் மூன்று குட்டிகளின் சின்னப் பாதங்கள், ஒரு இடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் ஓடி விளையாடிக்கொண்டே போனவை. பெரியவளின் பின்னங்கால் ஒன்று லேசாக மண்ணை இழுத்திருந்தது. ஞிரோதான். புழுதி நிறமாக இருக்கிறாள் என்று அவன் வைத்த பெயர். நான்கு வருஷமாக அவள் பின்னால் நடக்கிறான். அவள் எந்தப் புதரில் படுப்பாள், எந்தப் பக்கம் தண்ணீருக்குப் போவாள் என்று பார்த்து, அந்தப் பக்கம் மாட்டை விடாதீர்கள் என்று மேய்ப்பவர்களிடம் சொல்வது அவன் வேலை. அதற்காகத்தான் ஊர்ச் சங்கம் அவனைச் சிங்கக் காவலுக்கு வைத்திருந்தது.

கடைசி இரண்டு நாளும் அவன் இந்தப் பக்கம் இல்லை. காணாமல் போன கிழட்டு ஆண் சிங்கம் ஒன்றைத் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். அங்கே போனில் சிக்னல் கிடையாது. அன்று காலையில்தான் திரும்பி வந்து ஞிரோவின் தடத்தைப் பிடித்திருந்தான்.

அப்போது மோட்டார் பைக் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சபோரே, அவன் மனைவி செமெயானின் தம்பி. தலைமுடியில் செம்மண் பூசி, பின்னல் போட்டு, ஈட்டியை வண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

“மச்சான், உன் ஆளு என்ன காரியம் பண்ணிட்டா தெரியுமா?”

“உங்க அக்காவா? என்ன பண்ணா?”

“அக்கா இல்ல. இன்னொருத்தி வெச்சிருக்கியே, கழுத்துல பட்டை கட்டிக்கிட்டு. அவ.”

மெபுகோரிக்குச் சிரிப்பு வரவில்லை. “எந்த மாடு?”

“எங்க அம்மாவோட செவலை.”

 வேறு யார் வீட்டு மாடாக இருந்தாலும் போய் நின்று பேசிவிடலாம். இது மாமியார் வீட்டு மாடு. அதிலும் செவலை. ஈன்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் போன பிறகு, பால் சேகரிக்கிற வண்டி வரும்போதெல்லாம் மாமியார் நோலாரியின் கேனில் பாதி அந்தப் பசுவின் பால்தான்.

“எப்ப?”

“முந்தாநாள் விடியறதுக்குள்ள. பட்டியைச் சுத்தி மோப்பம் பிடிச்சிட்டு வந்திருக்கா. மாடெல்லாம் மிரண்டு வடக்குப் பக்க வேலியப் பிச்சிக்கிட்டு ஓடியிருக்கு. செவலை தனியா மாட்டிக்கிச்சு.”

“அந்த வடக்குப் பக்க வேலி இத்துப்போச்சு, புது முள்ளு வெட்டிப் போடுன்னு உன்கிட்ட எத்தன தடவை சொன்னேன்?”

“சொன்ன.”

“போட்டியா?”

சபோரே வண்டியின் கைப்பிடியைத் திருகினான். “வேலியப் பத்திப் பேச வரல மச்சான். நாளைக்குக் காலைல இளவட்டம் எல்லாம் கிளம்புறோம். அக்கா புருஷன்கிட்ட சொல்லாம போகக்கூடாதேன்னு வந்தேன்.”

“கிளம்பி?”

“கிளம்பி என்ன, கும்மியா அடிக்கப் போறோம்?”

“சிங்கத்தைக் கொன்னா, அடிபட்ட மாட்டுக்குச் சங்கம் தர்ற நஷ்ட ஈடு இந்த வட்டாரத்துல ஒருத்தருக்கும் கிடையாது. கையெழுத்துப் போட்டதுல உங்க மாமா சித்தப்பா எல்லாரும் இருக்காங்க.”

“எல்லாம் தெரியும். வண்டில ஏறு. மாட்டை வந்து பாரு, அப்புறம் பேசு.”

சிங்கத்தின் கழுத்துப் பட்டையிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கிற ஏரியலை முதுகில் மாட்டிக்கொண்டு மெபுகோரி ஏறினான்.

செவலை கிடந்த இடம் பட்டியிலிருந்து கூப்பிடு தூரம். வண்டி நெருங்கும்போதே அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இரண்டு நாள் கிடந்த மாட்டின் மேல் கழுகுகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே சத்தமே இல்லை. கழுகுகள் இருந்தன, ஆனால் தரையில், இறக்கையை விரித்தபடி குப்புறக் கிடந்தன. ஒன்று மட்டும் கழுத்தைத் தூக்கப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்தது. பத்தடி தள்ளி ஒரு கழுதைப்புலி நாக்கைக் கடித்துக்கொண்டு விறைத்துக் கிடந்தது. அது கக்கிய இடத்தில் புல்லெல்லாம் நுரை. மாட்டின் மேல் ஒரு ஈகூட உயிரோடு இல்லை.

“தொடாதே,” என்றான் மெபுகோரி. “வண்டியை அங்கேயே நிறுத்து.”

ஒரு குச்சியால் மாட்டின் விலாவைக் கிளறினான். சதையைக் கீறி உள்ளே அடைத்திருந்த ஊதா நிறக் குருணை மருந்து தெரிந்தது. தக்காளித் தோட்டக்காரர்கள் பூச்சிக்கு இடுகிற மருந்து. சந்தையில் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு, காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பார்கள்.

குனிந்தபடியே இன்னொன்றையும் பார்த்தான். பின்னந்தொடை ஒன்று இல்லை. மூட்டில் சுத்தமாக வெட்டியிருந்தது. சிங்கம் கிழிக்கும், கழுதைப்புலி கடிக்கும். கத்தி வைத்து வெட்டுவது மனுஷன் மட்டும்தான். அப்படியென்றால் விஷம் வைத்த கறி இன்னொரு இடத்திலும் இருக்கிறது.

அவன் நிமிர்ந்து சபோரேயைப் பார்த்தான். பார்த்த பார்வையிலேயே சபோரேக்குப் புரிந்துவிட்டது.

“நானா? நானா வெச்சேன்னு பாக்கற?”

“தொடை எங்க?”

“மச்சான், மரியாதையாப் பேசு.”

“தொடையை எங்கடா போட்ட?”

சபோரே ஈட்டியை வண்டியிலிருந்து உருவிவிட்டான். எறிவதற்காக அல்ல. கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. முகம் செம்மண்ணைவிடச் சிவந்திருந்தது. “சிங்கத்தைக் கொல்லணும்னா நான் ஈட்டியத் தூக்கிக்கிட்டு மூஞ்சிக்கு முன்னால போய் நிப்பேன். அது என்னைப் பாக்கணும், நான் அதைப் பாக்கணும். கறியில மருந்து தடவிட்டு வீட்டுல போய்ப் படுத்துக்கறதா? அது ஆம்பள செய்யற வேலையா? அது பொம்பளை…”

பாதியில் நிறுத்தினான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

“அம்மா சந்தைக்குப் போயிருந்தாங்க,” என்றான் சபோரே, குரல் இறங்கி. “போன வாரம். கழுதைப்புலித் தொல்லை ஜாஸ்தியா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

மெபுகோரி சங்கத்துக்குப் போன் செய்தான். வண்டி லோய்தோக்கிதோக் டவுனுக்குப் போயிருக்கிறது, சாயங்காலத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். ஏரியலை உயர்த்திப் பிடித்துச் சுற்றினான். ஞிரோவின் பட்டையிலிருந்து வரும் டிக் டிக் சத்தம் மணலாற்றுப் பக்கம்தான் பலமாக இருந்தது. அங்கேதான் பெண்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள்.

“உங்க அம்மாகிட்டக் கேக்கணும்.”

“கேளு.”

“நான் எப்படிடா கேக்கறது?”

கல்யாணத்தன்று அவன் ஒரு கொழுத்த பெண் ஆட்டைப் பிடித்துக்கொண்டுபோய் மாமியார் வாசலில் விட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அவள் பாக்கெர், அவளுக்கு அவன் பாக்கெர். ஆடு தந்த உறவு. அதற்குப் பிறகு ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதில்லை. அவள் வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைத்ததில்லை. வழியில் எதிரே வந்தால் அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு புதருக்குள் இறங்கிவிடுவாள், இவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான். ஏழெட்டு வருஷத்தில் அவளுடைய முகத்தை அவன் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. மாமியாரும் மருமகனும் அப்படி இருப்பதுதான் மரியாதை.

நோலாரி வீட்டு வாசலில் உட்கார்ந்து சுரைக்குடுவையைக் கரித்தூள் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகன் குரல் கேட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மறைத்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அவனும் வேலிக்கு வெளியிலேயே பக்கவாட்டில் நின்றான். செவலையின் கன்று முளையில் கட்டிக் கிடந்தது. கத்திக் கத்தி அதன் குரல் கம்மியிருந்தது.

சபோரேதான் ஆரம்பித்தான். “அம்மா, செவலையில மருந்து வெச்சது யாரு?”

“யாரு வெச்சா என்ன? செவலை எந்திரிச்சு வரப்போகுதா?”

“தொடைய வெட்டினது யாரு?”

“ஏன், உனக்குக் கறி வேணுமா? பசிக்குதா?”

“அம்மா!”

“வேலி கட்டத் துப்பில்ல, கேள்வி கேக்க வந்துட்டான்.”

சபோரே காலால் மண்ணை உதைத்துவிட்டு வேலியோரமாகப் போய் நின்றுகொண்டான்.  பிறகு நோலாரி கன்றைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சத்தமாக, வேலிக்கு வெளியே தெளிவாகக் கேட்கும்படி.

“ஏ கன்னுக்குட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மனுஷர் நிக்கறாரு பாரு. அவர்கிட்டச் சொல்லு. சிங்கத்துக்குப் பேரு வெச்சாரு, கழுத்துல பட்டை கட்டினாரு. எங்க போகுது, எங்க படுக்குதுன்னு பின்னாடியே நடந்தாரு. உங்க ஆத்தாள அடிக்கும்போது மட்டும் எங்க போனாருன்னு கேளு.”

 மெபுகோரியும் கன்றைத்தான் பார்த்தான்.

“கன்னுக்குட்டி, பாக்கெர்கிட்டச் சொல்லு. நான் மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது. அது என் தப்பு.”

குடுவை கழுவும் சத்தம் நின்றது. தப்பு என்று ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலும்.

“இன்னொன்னும் கேளு,” என்றான் அவன். “இந்த வீட்டு நாய் என்னைக் கண்டா விடாம குரைக்கும். இன்னிக்கு ஏன் குரைக்கல?”

நோலாரியின் முதுகு அசையவில்லை. சபோரே மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான். பழைய தோல் ஒன்றால் மூடிவைத்திருந்ததை நீக்கிப் பார்த்திருந்தான். நாய் வாயில் நுரை காய்ந்து கிடந்தது.

“காலைல வந்துச்சு,” என்றாள் நோலாரி, இப்போது கன்றைக்கூடப் பார்க்காமல். “வாசல்ல சுத்திச் சுத்தி விழுந்துச்சு. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. மருந்து குடுத்தவன் சொன்னான், சிங்கம் தின்னா சிங்கம் சாகும், அவ்வளவுதான்னு.”

“கன்னுக்குட்டி, சொல்லு,” என்றான் மெபுகோரி. “தின்ன கழுதைப்புலி கக்கியிருக்கு. அந்தப் புல்லை மேஞ்சா ஆடு மாடும் சாகும். தொடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா சிங்கம் மணலாத்துல இருக்கு. இன்னிக்கு என் வீட்டுல ஊத்துக்குத் தண்ணிக்குப் போற நாள்.”

அவள் சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் போர்வை தலையிலிருந்து தோளுக்கு நழுவியது. எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்கு நினைவு வரவில்லை.

“செமெயானா?”

“செமெயானும்தான். எல்லாரும்தான்.”

“ஊத்துக்கு மேலாக்க,” என்றாள். “வேரு வெளிய தெரியற மஞ்ச மரத்தடியில. நான் வந்து காட்டறேன்.”

 மாமியாரும் மருமகனும் ஒன்றாக ஒரு வழியில் நடப்பதை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. “சரி,” என்றான் சபோரே கடைசியில். “நான் நடுவுல வர்றேன். ரெண்டு பேரும் என்கிட்டப் பேசுங்க. ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்க வேணாம்.”

அப்படியே போனார்கள். முன்னால் தடியோடு நோலாரி, நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சபோரே, பின்னால் ஏரியலோடு மெபுகோரி. வேகமாக நடந்தாள் அவள். சபோரேக்கு மூச்சு வாங்கியது. வழியில் மெபுகோரி மனைவிக்குப் போன் செய்து, ஊற்றுப் பக்கம் யாரையும் வரவிடாதே என்றான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். டிக் டிக் சத்தம் அடிக்கு அடி பலமாகிக்கொண்டே வந்தது.

பட்டையெல்லாம் மஞ்சளாக இருந்த அந்த மரத்தடியில் தொடை இல்லை. மணலில் இழுத்துப்போன தடம் ஒரு புதரை நோக்கிப் போனது.

“நில்லுங்க,” என்றான் மெபுகோரி. யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

புதரின் நிழலில் ஞிரோ படுத்திருந்தாள். அவள் கறியைத் தொட்டதாகத் தெரியவில்லை. முந்தாநாள் செவலையைத் தின்ற வயிறு இன்னும் நிறைந்துதான் இருந்தது. குட்டிகள்தான் தொடையை இழுத்து வந்து விளையாடிக்கொண்டிருந்தன. இரண்டு குட்டிகள் எலும்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தன. மூன்றாவது ஒருக்களித்துக் கிடந்தது. அதன் பின்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

நோலாரி அதைப் பார்த்தாள். காலையில் நாயிடம் பார்த்த அதே இழுப்பு.

அடுத்து அவள் செய்ததை இரண்டு ஆண்களும் எதிர்பார்க்கவில்லை. மாடு பயிரில் இறங்கினால் போடுகிற சத்தத்தை அடிவயிற்றிலிருந்து எழுப்பிக்கொண்டு, தடியை ஓங்கியபடி முன்னால் ஓடினாள்.

“ஏய்! விடு அதை! விடுங்குறேன்! திருட்டுச் சிறுக்கி, உன் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போடி! அதைத் தின்னாதே!”

ஞிரோ எழுந்தாள். காது பின்னால் படிந்தது. வால் ஒரு முறை சவுக்குப்போல அடித்தது. பிறகு மணலை வாரி இறைத்துக்கொண்டு நேராக வந்தாள்.

மெபுகோரி ஓடிப்போய் மாமியாரின் கையைப் பிடித்து நிறுத்தினான். “ஓடாதீங்க. அசையாதீங்க.” இந்தப் பக்கம் சபோரே ஈட்டியைத் தூக்கிவிட்டான். மெபுகோரி இன்னொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நோலாரியின் உடம்பு நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது. அவன் நடுங்குவது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு ஈட்டி எறிகிற தூரத்தில் ஞிரோ நின்றாள். அவள் உறுமியது காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் அதிர்ந்தது.

“விடு மச்சான்,” என்றான் சபோரே பல்லைக் கடித்துக்கொண்டு. “இந்தத் தூரம் எனக்குப் போதும்.”

“கையை இறக்கு. அவ வரமாட்டா. பயங்காட்டறா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. இறக்கு.”

சபோரே இறக்கவும் இல்லை, எறியவும் இல்லை. நோலாரி மட்டும், நகராமல், தொண்டை கிழிய இன்னொரு முறை அந்தச் சத்தத்தைப் போட்டாள். ஞிரோ தலையைத் திருப்பினாள். இரண்டு எட்டு பின்வாங்கினாள். குட்டிகளைப் பார்த்து ஒரு சின்ன முனகல். இரண்டு குட்டிகள் எலும்பை விட்டுவிட்டு அவளிடம் ஓடின. மூன்றாவதன் பக்கத்தில் போய் முகர்ந்தாள். நக்கினாள். மூக்கால் தள்ளிப் பார்த்தாள். பிறகு மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு கரையேறிப் போனாள். போகும்போது பல முறை நின்று திரும்பிப் பார்த்தாள்.

மெபுகோரி அப்போதுதான் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான். விட்டான். அவள் போர்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.

குட்டி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மெபுகோரி கையில் பாலித்தீன் பைகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தொடையையும் குட்டியையும் ஒரு குழியில் போட்டான். சபோரே காய்ந்த சாணியும் விறகும் பொறுக்கி வந்தான். பற்றவைக்க வண்டியிலிருந்துதான் பெட்ரோல் எடுக்க வேண்டியிருந்தது.

“இனி வீடு வரைக்கும் இதைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்,” என்று புலம்பினான். “செத்தும் செலவு வைக்குது.”

நோலாரி குழியோரத்தில் நின்று குட்டியைப் பார்த்தாள். அதன் வயிற்றில் இன்னும் புள்ளிகள் மறையவில்லை. “பால்குடிகூட மறக்கல,” என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு மகனிடம், “விறகைப் போட்டு மூடு,” என்றாள்.

தீ பிடித்து எரிய ஆரம்பித்ததும் சபோரே மெபுகோரியின் பக்கத்தில் வந்தான். “மச்சான், இது நம்ம மூணு பேரோட போகட்டும். செவலையையும் இதே மாதிரி எரிச்சிடுவோம். நாளைக்கு இளவட்டத்தை நான் நிறுத்திடறேன், அது என் பொறுப்பு. யாராவது கேட்டா குட்டி பாம்பு கடிச்சுச் செத்துதுன்னு சொல்லு.”

மெபுகோரி ஒரு குச்சியால் தீயைக் கிளறினான்.

“அம்மாவுக்காகக் கேக்கறேன்.”

“நான் கேக்கச் சொல்லலடா,” என்றாள் நோலாரி திரும்பாமல். “அவரு என்ன செய்யணுமோ செய்யட்டும்.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேல மரத்தடியில் சங்கம் கூடியது. மெபுகோரி எழுந்து, நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மருந்து வைத்தது என் மனைவியின் அம்மா என்று அவன் சொன்னதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாமியாரைப் பற்றி ஊர் நடுவில் ஒரு மருமகன் அப்படிப் பேசுவதை அவர்கள் கேட்டதில்லை. பெரியவர் ஒருவர் மண்ணில் துப்பினார். வேலி இற்றுப்போனது தெரிந்தும் அதைக் கட்ட வைக்காமல் மலைக்குப் போனேன், அந்தப் பங்கு என்னுடையது என்றும் அவன் சொன்னான். அதை யாரும் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அடுத்த மழை வரைக்கும் அந்த வட்டாரத்துக்கு நஷ்ட ஈடு இல்லை என்று தீர்ப்பாயிற்று. நோலாரி ஒரு கிடாரியைச் சங்கத்துக்கு விட்டுத்தர வேண்டும். மருந்து விற்றவன் யார் என்று மகன் மூலமாக அவள் சொல்லி அனுப்பினாள். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது கடை பூட்டியிருந்தது. வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள்.

வீட்டில் செமெயான் அவனுக்குப் பாலை வைத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

“எங்க அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாம். சபோரேகிட்டச் சொல்லியிருக்கலாம். ஊரைக் கூட்டித்தான் வாயத் தொறக்கணுமா?”

“தொறக்கலன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வைப்பான்.”

“அது வேற ஒருத்தன். இது எங்க அம்மா.”

 கூட்டத்தில் தான் சொன்னது சரிதான் என்று நினைத்தான். செமெயான் சொல்வதும் சரிதான் என்று பட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு அன்று முழுக்க அவனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த வறட்சிக் காலம் நோலாரிக்கு நன்றாக இல்லை. நஷ்ட ஈடு நின்றுபோன வீட்டுப் பெண்கள் பால் வண்டி வரும் இடத்தில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. கன்றுக்கு வேறொரு பசுவின் பாலைப் பழக்கினாள். சபோரே தன் வயதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து முள் வெட்டிப்போட்டு, வடக்குப் பக்கம் மட்டுமல்லாமல் பட்டியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி எழுப்பினான். அது முடிந்ததும் அடுத்த வீட்டு வேலியையும், அதற்கடுத்ததையும் கட்டினார்கள். ஈட்டி தூக்க வந்த கூட்டம் முள் தூக்குகிறதே என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். கைகளில் கீறலோடு அவர்கள் முறைத்தார்கள். மெபுகோரியும் போய் முள் சுமந்தான். மாமியார் வீட்டைச் சுற்றி வேலை நடந்த நாட்களில் மட்டும் அவன் போகவில்லை. அவள் வெளியே வர முடியாமல் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியிருக்கும் என்று.

ஞிரோ கொஞ்ச காலம் மலைப்பக்கமே தங்கிவிட்டாள். இரண்டு குட்டிகளும் பிழைத்தன. மழை பெய்து புல் வளர்ந்த பிறகு அவளுடைய டிக் டிக் சத்தம் மறுபடி சமவெளியில் கேட்க ஆரம்பித்தது. மெபுகோரி தினமும் மேய்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலையில் அவன் பூட்ஸுக்குள் இருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தான்.  மாட்டு மணிச் சத்தமும், யாரோ மூச்சு விடுவதும் மட்டும் கேட்டது.

“யாரு?”

“செமெயான் இருக்காளா?”

அவனுக்குக் குரல் தெரிந்துவிட்டது. தன்னை அறியாமல் எழுந்து நின்றான். “தண்ணிக்குப் போயிருக்கா.”

“எப்ப வருவா?”

“நேரமாகும்.”

 வைத்துவிடுவாள் என்று நினைத்தான்.

“பாக்கெர்,” என்றாள்.

“சொல்லுங்க, பாக்கெர்.”

“போன்ல பேசினா மூஞ்சி தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்ப தப்பில்ல.” குரல் கொஞ்சம் தைரியமானது. “கழுதைய அடிச்சுட்டா.”

“யாரு? ஞிரோவா?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. ரெண்டு பெரிய குட்டி கூட இருந்துச்சு. கழுதைய வேலிக்கு வெளிய விட்டது என் தப்பு. அதைப் பத்தி யாரும் ஒண்ணும் பேச வேணாம்.”

“பேசல. சபோரே எங்க?”

“ஈட்டியத் தேடிக்கிட்டு இருக்கான். கிடைக்காது. நான் படுக்கைக்கு அடியில வெச்சு மேல உக்காந்திருக்கேன். நீங்க சீக்கிரம் வாங்க, எனக்கு இடுப்பு வலிக்குது.”

மெபுகோரி ஏரியலை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாகக் கிளம்பினான்.